பாலாற்றில் எத்தனை அடி?

(ஆம்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீர்க் கணக்கு. அணையில் எத்தனை அடி, ஏரியில் எத்தனை அடி, கிணற்றில் எத்தனை அடி? இதை யார் பார்க்கிறார்கள்? பார்த்ததை யாரிடம் சொல்கிறார்கள்? சொல்லப்படாத கணக்கால் இந்தப் பாலாற்றுக் கரையில் நாம் எதையெல்லாம் இழந்தோம்? இதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் எத்தனை அடி? பாருங்கள், நான் கேட்டு முடிப்பதற்குள் நாலாபுறமிருந்தும் பதில் வருகிறது: 120 அடி. சரி. மோர்தானா அணை எத்தனை அடி? குடியாத்தத்துக்காரர்கள் மட்டும் கை தூக்குகிறார்கள். மூன்றாவது கேள்வி: உங்கள் ஊர் ஏரியில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? உங்கள் வீட்டுக் கிணற்றில், உங்கள் தெரு போர்வெல்லில், எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது?

மண்டபம் அமைதியாகிவிட்டது.

இந்த அமைதிக்கு நாம் காரணம் தேடவேண்டும். காவிரியின் குறுக்கே இருக்கிற அணையின் நீர்மட்டம் நமக்கு மனப்பாடம். காலை பேப்பரில் வருகிறது, தொலைக்காட்சியில் அடியில் ஓடுகிறது. அது வேண்டிய செய்திதான். ஏனென்றால் நம் குழாயில் வருவதே இன்று காவிரித் தண்ணீர். மேட்டூரிலிருந்து நீர் எடுத்து, மேடு பள்ளமெல்லாம் தாண்டிக் குழாய் போட்டு, வேலூர் மாநகராட்சிக்கும் 11 நகராட்சிகளுக்கும் 5 பேரூராட்சிகளுக்கும் 944 ஊரகக் குடியிருப்புகளுக்கும் கொடுக்கிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. 1,295 கோடி ரூபாய்த் திட்டம். பாலாற்றின் கரையில் பிறந்த பிள்ளை காவிரியைக் குடித்து வளர்கிறது. வந்த தண்ணீருக்கு நன்றி சொல்வோம். அதே மூச்சில் கேட்போம்: நம் ஆற்றின் தண்ணீர் எங்கே போயிற்று?

2019-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? அந்த ஜூன் மாதம் சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. நான்கும் நிரம்பினால் 11 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். அத்தனை பெரிய நீர்த்தேக்கம் வெறும் வெடிப்பு நிலமாகக் கிடந்தது. அப்போது எங்கிருந்து தண்ணீர் போயிற்று? நம் ஜோலார்பேட்டையிலிருந்து போயிற்று. மேட்டுசக்கரகுப்பத்துத் தொட்டியிலிருந்து பார்சம்பேட்டை ரயில் யார்டுக்குக் குழாய் போட்டு, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நிரப்பி, ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. அதுவும் மேட்டூர்த் தண்ணீர்தான். சென்னை குடித்தது, நமக்கு அதில் மகிழ்ச்சியே. தாகம் எடுத்தவனுக்கு இல்லை என்று சொல்கிற மண் இது அல்ல. ஆனாலும் அந்தக் கோடையில் நம் பகுதியிலும் குடம் வைத்துக் காத்திருந்த தெருக்கள் இருந்தன. சென்னை ஏரிகளின் நீர்மட்டம் தினசரி அச்சில் வந்ததால் சென்னையின் தாகத்தை நாடே பார்த்தது. நம் தெருவின் தாகத்துக்கு ஓர் எண் இல்லை. எண் இல்லாத தாகத்துக்கு ரயில் வராது, தோழர்களே.

சரி, எண் என்று ஒன்று கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது? இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். மேட்டூர்ச் செய்தியில் நான்கு எண்கள் வருகின்றன: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம், நீர் இருப்பு. நம்மில் பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறோம். 120 அடி அணையில் 60 அடி தண்ணீர் என்றதும் பாதி இருக்கிறது என்று மனசு சொல்கிறது. மேட்டூர் நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடியாக இருக்கும்போது இருப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 25 டி.எம்.சி. பாதி உயரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். நூறு அடியில் ஏறத்தாழ 65 டி.எம்.சி. அப்படியானால் மேலே இருக்கிற கடைசி 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி. அடங்கியிருக்கிறது. சட்டியில் சோறு வடிக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அடி குறுகல், வாய் அகலம். அணையும் அப்படித்தான். மேல் அடியில் ஓர் அடி இறங்கினால் பெரும் நீர் போகிறது. கீழ் அடிக்கு வந்துவிட்டால் இருப்பதே கொஞ்சம், அதிலும் வண்டல் இடம் பிடித்திருக்கும்.

அந்த வண்டல் இன்னொரு செய்தி. அணை கட்டிய நாளில் போட்ட அட்டவணை ஒன்று பொறியாளரிடம் இருக்கும். இத்தனை அடி என்றால் இத்தனை கன அடி என்று சொல்லும் அட்டவணை. வருஷா வருஷம் வெள்ளத்தோடு மண் வந்து படியப் படிய அந்த அட்டவணை பழசாகிறது. அடி அதேதான் காட்டும். உள்ளே தண்ணீர் குறைந்திருக்கும். ஆகவே அணையின் தரையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். ஏரிக்கும் இதே விதிதான். கரையில் நின்று பார்த்தால் ஏரி ததும்பும். உள்ளே இறங்கினால் முழங்கால் அளவு. தூர் வாராத ஏரி நிரம்பியது என்று பேப்பரில் வந்தால் அதில் சந்தோஷப்படப் பாதிதான் இருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நீளம் நம்முடையது. பெரிய அணை என்று பாலாற்றின் குறுக்கே நம்மிடம் எதுவும் இல்லை. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டு இருக்கிறது. 1850-களில் கட்டியது. அது நீரைத் தேக்குவதற்கு அல்ல, திருப்பிவிடுவதற்கு. அங்கிருந்து கிளம்பும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் சக்கரமல்லூருக்கும் தூசிக்கும் போகின்றன. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. நிரம்பினால் 1,474 மில்லியன் கன அடி. ஏரி என்று சொல்கிறோம், அளவில் அது ஓர் அணை. மகேந்திரவாடியோ இன்னும் பழசு. முதலாம் மகேந்திரவர்மன் பெயரைத் தாங்கிய ஏரி, ஏழாம் நூற்றாண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு கரை நிற்கிறதென்றால், அந்த ஆயிரத்து நானூறு ஆண்டும் யாரோ ஒருவர் அந்தக் கரையில் நடந்திருக்கிறார், மதகைப் பார்த்திருக்கிறார், கலங்கலைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பார்க்க ஆள் இல்லாத ஏரி பத்து மழைக்குத் தாங்காது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் சேர்த்து நீர்வளத்துறை வசம் 519 ஏரிகள். ராணிப்பேட்டையில் 369, வேலூரில் 101, திருப்பத்தூரில் 49. ஊராட்சி ஏரிகளும் குளம் குட்டைகளும் தனி. மழைக்காலத்தில் செய்தி வருகிறது: நூறு சதவீதம் நிரம்பியவை இத்தனை, முக்கால் நிரம்பியவை இத்தனை, கால் பங்குக்குக் கீழே இத்தனை. மழை நின்றதும் செய்தியும் நின்றுவிடுகிறது. தை மாதம் ஏரியில் எவ்வளவு? பங்குனியில்? தண்ணீர் குறையத் தொடங்கும்போதல்லவா கணக்கு அவசியம்? நிரம்பி வழிகிற ஏரியைப் பார்க்கக் கண் போதும். வற்றுகிற ஏரியைப் பார்க்கத்தான் அளவுகோல் வேண்டும்.

நம் பெரியவர்கள் அளவுகோல் இல்லாமலே பார்த்தார்கள். நீர்க்கட்டி என்று ஊரில் ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பாய்ச்சுவது எல்லாம் அவர் பொறுப்பு. மதகுப் படிக்கட்டில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்து, இந்தத் தண்ணீர் ஒரு போகத்துக்குக் காணும், இரண்டாம் போகம் வைக்காதே என்று சொல்லுவார். ஊர் கேட்டது. "ஏரி கோடி போகுதா?" என்று, அதாவது நிரம்பி வழிகிறதா என்று, விசாரிக்காமல் நம் ஊரில் யாரும் ஐப்பசியைக் கடந்ததில்லை. இன்று அந்த நீர்க்கட்டியும் இல்லை, அந்த விசாரிப்பும் இல்லை. நீர்வளத்துறையில் லஸ்கர் என்ற ஊழியர் ஒருவர் பல ஏரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு மனிதர் எத்தனை கரையில் நடப்பார்?

மோர்தானாவுக்கு வருகிறேன். குடியாத்தத்துக்கு மேலே கவுண்டின்யா ஆற்றின் குறுக்கே நிற்கிறது. உயரம் 11.5 மீட்டர், கிட்டத்தட்ட 38 அடி. கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. மேட்டூருக்கு முன்னால் சிறியதுதான். ஆனால் லிட்டரில் போட்டுப் பாருங்கள்: 740 கோடி லிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து போன ரயில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மோர்தானா ஒருமுறை நிரம்பினால் அந்த ரயில் ஏறக்குறைய 2,960 நடை போகும். இத்தனை தண்ணீர் நம் மலையடியிலேயே நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் நீர்மட்டத்தை ஒரு நாளாவது விசாரித்திருக்கிறோம்?

விசாரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆறு நமக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறது.

ஒன்று, 1903 நவம்பர் 12. மைசூர் சமஸ்தானத்தில் மேலே இருந்த ஏரிகள் மழை தாங்காமல் உடைந்தன. அந்த வெள்ளம் இரவோடு இரவாகப் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். வாணியம்பாடியில் அதற்கான நினைவுத் தூண் இருக்கிறது, அங்கிருந்து வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மேலே ஏரி உடைந்த செய்தி தண்ணீருக்கு முன்னால் வந்திருந்தால் அந்த 200 பேரில் எத்தனை பேர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள்!

இரண்டு, 2021 நவம்பர். அது நம் கண் முன்னால் நடந்தது. பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் மாண்டார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். மோர்தானா வழிந்து குடியாத்தத்துக்குள் கவுண்டின்யா புகுந்தது. பொன்னையாற்றில் ஆந்திரத்துக் கலவகுண்டா அணையின் தண்ணீரும் சேர்ந்து வந்தது. எல்லாம் கூடி வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று. நூறாண்டில் பாலாறு காணாத வெள்ளம்.

அந்த ஒரு லட்சத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால், மோர்தானா அணையின் முழுக் கொள்ளளவும் முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துபோய்விடும். காவேரிப்பாக்கம் ஏரியளவு தண்ணீர் நாலு மணி நேரத்தில். ஒரு பகலும் ஓர் இரவும் அதே வேகத்தில் போனால் எட்டரை டி.எம்.சி. எங்கே போயிற்று அந்தத் தண்ணீர்? பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. கால்வாய்களின் வாய் மண்மூடிக் கிடந்த இடங்களில், ஆற்றில் வெள்ளம் புரண்டபோதும் பக்கத்து ஏரி காய்ந்து கிடந்தது. எந்த ஏரியில் எத்தனை அடி காலி இருக்கிறது, எந்தக் கால்வாய் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு ஆவணியிலேயே கையில் இருந்தால், கார்த்திகை வெள்ளத்தைத் திருப்ப முடியும். வெள்ளம் வந்த பிறகு கணக்குப் போட்டால், உயிரைக் காப்பாற்றத்தான் நேரம் இருக்கும்.

அன்பர்களே, இதுவரை நான் சொன்னது எந்த ஆற்றங்கரையிலும் சொல்லக்கூடியது. இனி சொல்லப்போவது இந்த மண்ணுக்கு மட்டும் உரியது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாலாற்றின் பெரிய நீர்த்தேக்கம் எது? மோர்தானாவா? காவேரிப்பாக்கமா? இரண்டும் இல்லை. பாலாற்று மணல்தான் பாலாற்றின் பெரிய நீர்த்தேக்கம். வருஷத்தில் சில நாள் மட்டும் மேலே ஓடும் ஆறு இது. மற்ற நாளெல்லாம் மணலுக்குள் ஓடியது. அதனால்தான் நம் முன்னோர் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டினார்கள். சித்திரை வெயிலிலும் மணலைக் கையால் தோண்டினால் தண்ணீர் கசிந்ததை இங்கே இருக்கிற பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கித்தான் நம் நகரங்கள் குடித்தன. அந்த மணலை லாரி லாரியாக ஏற்றி அனுப்பினோம். மணல் போன இடத்தில் நீரைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது?

மிச்சமிருந்த நீருக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. நம் ஊர்களில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதும் பதனிட்ட தோலாக அனுப்பு என்ற கொள்கை வந்தது. பட்டைக்குப் பதில் குரோமியத்தால் பதனிடுவது பெருகியது. ஊர் வளர்ந்தது, வேலை பெருகியது, உலகச் சந்தையில் ஆம்பூர் என்ற பெயர் ஏறியது. கழிவுநீர் மட்டும் கேட்பாரில்லாமல் நிலத்திலும் ஓடையிலும் ஆற்றிலும் இறங்கியது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறோம். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. உப்பு மக்காது, ஆவியாகாது, தானாக மறையாது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும், கெடும் முன்னே தடுக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் நம் வேலூர் பெயரைச் சொல்லாமல் படிக்க முடியாது. இது பெருமைக்குரிய செய்தி. அதைவிட நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது. நீதிபதிகளை அசைத்தது எது? எண்கள். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் அளந்து சொன்ன எண். திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கிணறு கெட்டுவிட்டது என்று எண்ணிச் சொன்ன எண். யாரோ ஒருவர் வெயிலில் நடந்து ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்து, தண்ணீர் எடுத்து, சோதித்து, எழுதினார். அந்தக் காகிதம்தான் டெல்லியில் பேசியது.

அதன்பிறகு இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2001-ல் கணக்கிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடும் வந்தது. இதில் பணத்தையும் உழைப்பையும் போட்ட தொழிலதிபர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் இந்த ஆற்றைப் பற்றிப் பேசவேண்டி வந்ததே, ஏன்? ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு, மீதமுள்ள இழப்பீட்டைக் கொடு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலி என்று சொல்லவேண்டி வந்ததே, ஏன்? மழைக்காலத்தில் மாராப்பட்டுப் பக்கம் ஆற்றில் நுரை பொங்கி வருவதை நீங்களே பார்த்திருக்கிறீர்களே, அது ஏன்?

ஆகவே, தோல் தொழில் வட்டாரத்தில் நீர்மட்டம் என்ற ஓர் எண் போதாது என்கிறேன். ஒரு கிணறு கழுத்துமுட்ட நிரம்பியிருக்கிறது. வாயில் வைக்க முடியவில்லை. அந்தக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று நான் எழுதுவது? வேறு ஊரில் நீர்மட்டம் ஏறினால் கொண்டாடலாம். இங்கே நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடவேண்டும்: உப்பு. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் வரையறை. பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் கடையில் கிடைக்கிறது. வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருகிற பையன் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறாரே, அதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கருவி குரோமியத்தைக் காட்டாது. குரோமியத்தின் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற நுண்ணிய அளவு. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத்தான் மாதிரி போகவேண்டும்.

இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே பக்கத்தில் எழுதினால் என்ன கிடைக்கும்? ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிறது. கரையோரக் கிணற்றில் நீர்மட்டம் ஏறுகிறது. கூடவே உப்பு இறங்கவேண்டும். இறங்கினால் மகிழ்ச்சி. நீர்மட்டமும் ஏறி உப்பும் ஏறினால்? மண்ணில் பழைய நாளில் தேங்கிய உப்பு கரைந்து வருகிறதா, அல்லது எங்கோ யாரோ புதிதாகக் கழிவுநீரைத் திறந்துவிட்டார்களா? கேட்கிற உரிமை அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு உண்டு. மழையே இல்லாத மாசி மாதத்தில் ஒரு கிணறு மட்டும் ஏறினால்? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேதி போட்டுக் கேட்கலாம். தேதி இல்லாத புகாருக்கு அலுவலகத்தில் என்ன மரியாதை என்பது உங்களுக்குத் தெரியும்.

கிணற்றை அளப்பது வித்தை எதுவும் இல்லை. ஓர் எஃகு நாடா, நுனியில் கட்டக் கொஞ்சம் கனம், ஒரு சாக்பீஸ். கிணற்று விளிம்பில் பெயின்டால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். என்றும் அந்தக் குறியிலிருந்துதான் அளக்கவேண்டும். நாடாவின் கடைசி மூன்று நாலு அடிக்கு சாக்பீஸ் தடவி இறக்குங்கள். நுனி தண்ணீரில் முழுகியதும், நாடாவில் ஒரு முழு அடியைக் குறியோடு பொருத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு மேலே இழுங்கள். 42 அடியைப் பிடித்தீர்கள், 2 அடி நனைந்திருக்கிறது என்றால், தண்ணீர் 40 அடியில் இருக்கிறது. சாக்பீஸ் நனைந்த இடம் கறுத்துக் கோடு போட்டதுபோல் தெரியும், கண்ணை ஏமாற்றாது. விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்கவேண்டும். பக்கத்து வயல் மோட்டார் ஓடினால் அதையும் எழுதவேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நாலு முறை பார்க்கிறது. நாட்டுக்கு அது போதும். ஊருக்கு வாரம் ஒருமுறை வேண்டாமா?

செய்யமுடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நாகநதியைச் சொல்கிறேன். பக்கத்து வேலூர் மாவட்டத்தில் செத்துக் கிடந்த ஓடை அது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கி, ஓடைக்குள் உறிஞ்சு கிணறுகளும் தடுப்புகளும் கட்டினார்கள். கிணறுகளில் ஊற்று திரும்பியது. மண் சுமந்த அந்தக் கைகளுக்கு நாடா பிடித்து அளப்பது கஷ்டமா?

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற மாநிலங்கள். 1892-லேயே சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன, பாலாறு அதில் சேர்ந்த ஆறு. கீழே இருப்பவரைக் கேட்காமல் மேலே புது அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். 2006-ல் ஆந்திரத்துக் குப்பம் பக்கம் கணேசபுரத்தில் அணை என்று பேச்சு வந்தது, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2016-ல் ஆந்திரத்தில் புல்லூர் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தினார்கள், மறுபடியும் வழக்கு. வழக்கு நடக்கட்டும், உரிமையை விடவேண்டாம். அது முடிகிறவரை ஒன்றையாவது கேட்டு வாங்கலாம் அல்லவா? கர்நாடகத்துப் பேத்தமங்கலா ஏரியில் இன்று எத்தனை அடி, புல்லூரில் எத்தனை அடி, கலவகுண்டாவில் எத்தனை மதகு திறந்திருக்கிறது? பங்கு கேட்டால் சண்டை வரும். நீர்மட்டம் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. ஆகவே மேலே நிற்பது எந்தத் தண்ணீர் என்பதும் நமக்குத் தெரியவேண்டும். அங்கேயும் இரண்டு கட்டம்தான்.

அரசிடம் என் கோரிக்கை மூன்று வரி. 519 ஏரிகளிலும் மதகோரம் தெளிவாக அடி போட்ட அளவுகோல் நடுங்கள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதுங்கள். பாலாற்றங்கரைக் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தோடு உப்பையும் குரோமியத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. ஐப்பசி மழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. மழைக்கு முன் கிணறு எங்கே நின்றது என்று தெரிந்தால்தான், மழைக்குப் பின் எவ்வளவு ஏறியது என்று சொல்லமுடியும். அதனால் இந்த வாரமே முதல் அளவு எடுத்தாகவேண்டும். மாணவர்களே, இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஆற்றோரம் ஒரு கிணறு, ஊர் நடுவே ஒரு கிணறு, மேட்டில் ஒரு கிணறு, மூன்று போதும். குடியாத்தத்து நண்பர்கள் மோர்தானா நீர்மட்டத்தைத் தினம் விசாரித்துக் கீழ் ஊர்களுக்குச் சொல்லுங்கள். தொழிற்சாலை வைத்திருக்கும் பெரியவர்கள் தங்கள் வளாகக் கிணற்றின் இரண்டு கட்டங்களையும் வாசலிலேயே எழுதிப்போடுங்கள். வாசலில் எழுதிப்போட்டவரை ஊர் சந்தேகிக்காது.

மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் ஊர்ப் பெயர், அளக்கப்போகும் கிணறு இருக்கும் இடம், யார் அளக்கப்போகிறீர்கள், என்று தொடங்குகிறீர்கள், இந்த நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த அமாவாசைக்குள் முதல் பக்கத்தை வாங்கிக்கொள்ள நாங்களே உங்கள் ஊருக்கு வருகிறோம்.